கோட்டைக்கு மண் சுமந்தது யார்?

இங்கே தேநீர் இடைவேளையில், இல்லாத ஒரு நாட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்து வாதாடுகிறார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் என்னோடு டப்பா அடுக்கும் டோரீன் பேரன் எடுத்தவள். அவள் கையில் எப்போதும் ஒரு தடித்த மாயாஜாலக் கதைப் புத்தகம். ஐந்து பாகங்களில் மூன்றாவது. வரைபடம் அதில்தான் இருக்கிறது. மந்திரவாதி மலையைப் பறந்து கடக்காமல் ஏன் நடந்து போனான், அவன் மந்திரத்துக்கு எது எல்லை என்று அவளும் எதிரே இருப்பவளும் ஒரு வாரமாகப் பேசினார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நின்று நின்று கால் வீங்கிப்போன நான் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் உட்கார்ந்திருப்பேன். சில மாதங்களுக்கு முன் டோரீன் திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றாள். இந்த ஊருக்கு வந்த நான்கு வருடங்களில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "மந்திரம் சும்மா வராது. இங்கே ஒருவர் மந்திரம் போட்டால், வேறெங்கோ ஒருத்தி கூலியில்லாமல் அந்த வேலையைச் செய்கிறாள். நான் அப்படித்தான் நினைக்கிறேன்." டோரீன் என் கையைத் தட்டிக்கொடுத்து, "உங்கள் மதம் ரொம்பக் கடுமையானது, இல்லையா?" என்றாள். அது மதமில்லை, ஒரு தொடர்கதை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. அவள் சொன்னதைவிட நான் சொன்னதுதான் உறுத்தியது. அது என் நினைப்பே அல்ல. சரோஜா அக்காவுடையது.

கலியாணத்துக்கு முன்பு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலை பார்த்தேன். பொன்னேரியில் பாசஞ்சர் ஏறுவேன். சரோஜா அக்கா பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து அதே ரயிலில் ஏறுவாள். வார இதழ் ஒன்றில் அப்போது ஒரு மாயாஜாலத் தொடர் வந்துகொண்டிருந்தது. ராணி கையைத் தூக்கினால் பொழுது விடிவதற்குள் கோட்டை எழும்பும். ஆனால் அவள் நாட்டில் யாருக்கும் நிழல் கிடையாது. நிழல்கள் எங்கே போயின என்பதுதான் புதிர். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் நான் சத்தமாக வாசிப்பேன். பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்கும். இறங்குவதற்குள் ஆளுக்கொரு விளக்கம். சாபம் என்பாள் ஒருத்தி. ராணி நிழலைத் தின்கிறாள் என்பாள் இன்னொருத்தி. சக்தியெல்லாம் மந்திரச் சொல்லில் இருக்கிறது என்பது என் கட்சி.

"இன்னாமே பேசற," என்றாள் அக்கா ஒருநாள். "வாயால சொன்னா கோட்டை வந்துடுமா? மண்ணு யாரு சொமந்தது? அந்த நெழலுங்கதான். ஜனங்க தூங்கிக்கினு இருக்கும், அதுங்க நெழலு போயி வேலை செஞ்சிக்கினு இருக்கும். அதான் அந்த ஊர்ல காத்தால எழுந்தா எல்லாருக்கும் ஒடம்பு வலி."

கதையில் உடம்பு வலியைப் பற்றிய வரிகள் நிஜமாகவே இருந்தன. வாசித்த நானே கவனித்ததில்லை.

"இத்த அந்தப் பொஸ்தகத்துக்கு எழுதிப் போடுமே. எம் பேரு போட்டு," என்றாள்.

எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தி நகல் எடுத்தேன். கடைசியில் பெயர் எழுதும்போது, இவ்வளவு கோவையாக எழுதியது நான்தானே என்று தோன்றியது. என் பெயரைப் போட்டேன். எங்கே பிரசுரமாகப் போகிறது என்ற தைரியம். பிரசுரமானது. 'இந்த வாசகி கண்டுபிடித்துவிட்டார், இனி நான் என்ன செய்வேன்?' என்று கதாசிரியரே கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். ரயிலில் வேறொரு பெண் அதை வாசித்தாள். அக்கா இதழைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தாள்.

"நல்லா எழுதிக்கீற," என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பெட்டியின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இரண்டு மாதத்தில் எனக்குக் கலியாணம் முடிந்தது, பிறகு விமானம்.

டோரீனிடம் பேசிய அந்த வாரக் கடைசியில் அக்காவுக்கு ஒரு நீல விமானத் தபால் கடிதம் எழுதினேன். நான் செய்தது திருட்டு என்று எழுதினேன். இங்கேயும் அதையே செய்துவிட்டேன் என்றும் எழுதினேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவுத் துளை வழியாகப் போட்ட தபால் தரையில் கிடக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நடவு முடிந்த விவரமெல்லாம் எழுதிவிட்டு அடியில், "பழவேற்காட்டிலிருந்து சரோஜா என்று யாரோ உனக்குக் கவர் போட்டிருக்கிறார்கள். நான் பிரிக்கவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன். வரும்போது படித்துக்கொள்," என்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அனுப்புநர் என்ற இடத்தில் என் கை, பழக்கத்தில், பொன்னேரி தாலுகா, செங்கல்பட்டு ஜில்லா என்று பிறந்த வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறது. அந்தக் கவரை இங்கே அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு இரண்டு முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அதில் மன்னிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த ஊர்க் குளிரில் ஒற்றை ஆளாகப் பிரித்துப் படிக்க எனக்கு மனமில்லை. அடுத்த பயணம் எப்போது என்று கேட்டால் என் கணவர் வருடங்களில் பதில் சொல்கிறார். நான் வசிப்பதாக நானே எழுதிக்கொடுத்த வீட்டில், என் பெயருக்கு வந்த கடிதம் பூட்டிய பீரோவுக்குள் இருக்கிறது. இங்கே நான் தினமும் கதவைத் திறந்ததும் குனிந்து தரையைப் பார்க்கிறேன்.