ஆறு வருடம் எந்த நாளிலிருந்து?

பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டேன் என்று எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். அப்படிப்பட்ட நான் ஒரு வீட்டுமனைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தேன் என்றால், அந்த மனை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. லயத்து வீடுகளைக் காலி செய்து கொடுங்கள், தோட்டத்தின் ஓரத்தில் குடும்பத்துக்கு ஒரு மனை, இந்தத் தேதிக்குள் பட்டாவோடு தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்து வேலைப் பதிவு அவர் பெயரில் இருந்ததால் ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். லயத்தைக் காலி செய்தோம், வாடகை வீட்டுக்கு வந்தோம். மனைகளுக்கு எண் எழுதி முளைக்குச்சி நட்டார்கள். எங்களுக்கு மூலை மனை! ஞாயிற்றுக்கிழமையானால் போய் நின்று ஆசை தீரப் பார்த்துவிட்டு வருவேன்.

கெடு தேதிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே கம்பெனி எங்களைத் தோட்டத்து மண்டபத்துக்குக் கூப்பிட்டது. வந்த அதிகாரி நம்ம ஆள்தான், தமிழர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "திட்டம் மாறிருச்சு. மனை கொடுக்கிறதா இல்ல. அந்த ஒப்பந்தத்த மறந்துருங்க" என்றார். மறப்பதாம்! என்னமோ இரவல் கொடுத்த குடையை மறக்கச் சொல்கிற மாதிரி.

என் கணவர் வாய் திறந்தாலே அதிசயம். எனக்கும் சேர்த்து அவர்தான் வீட்டில் பொறுமையாக இருப்பார். அன்றைக்கு அந்த மனிதர் எழுந்து நின்று, "உங்க மனையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், போங்கய்யா!" என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "யாரு வேணாம்னா? எங்களுக்கு வேணும்! நீங்க சொன்ன தேதி வரட்டும், அது வரைக்கும் நாங்க விட மாட்டோம்" என்று அவருக்கு மேல் நான் கத்தினேன். சில குடும்பங்கள் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டன. நாங்களும் இன்னும் சிலரும் போடவில்லை.

கெடு தேதி வந்தது, போனது. மனை வரவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து, நாங்கள் பேசி முடிக்கிறோம், கோர்ட்டுக்கெல்லாம் போகாதீர்கள் என்று மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்களும் நம்பினோம். ஒப்பந்த வழக்கை ஆறு வருடத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது மட்டும் எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால் இதுதான் பேச்சு. எந்த நாளிலிருந்து ஆறு வருடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டபத்தில் அவமானப்பட்ட அந்த நாள்தான் எல்லோர் நெஞ்சிலும் குத்திக்கொண்டு நின்றது, அதிலிருந்தே எண்ணினோம். ஆறு வருடம் முடிந்ததும் என் கணவர், "விடு லா, முடிஞ்சு போச்சு" என்றார். அவருக்குச் சோறு போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கும் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். என் வேனில் வரும் பிள்ளைகளில் ஒரு லோயரின் மகளும் உண்டு. லோயர் சின்ன வயதுப் பெண், கோல சிலாங்கூர் பட்டணத்தில் மாடிக்கடையில் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை, மகளை நேராக ஆபீஸுக்கே கூட்டி வரச் சொன்னார். போனேன். தேத்தண்ணி கொடுத்தார். சும்மா இருக்காமல் என் மனைக் கதையை எடுத்துவிட்டேன். கடைசியில், "ஆறு வருஷம் தாண்டிப்போச்சுமா, இனி என்ன பேசி என்ன" என்று கோப்பையை நங்கென்று வைத்தேன்.

லோயர் கேட்டார், "அக்கா, அவங்க தர மாட்டோம்னதும் நீங்க சரின்னு ஒத்துக்கிட்டீங்களா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒத்துக்கிறதா! அதுக்கப்புறம் வந்த மொத பொங்கலையே அந்த மனையிலதான் வெச்சேன். முளைக்குச்சிக்குப் பக்கத்துல மூணு கல்லு வெச்சு, பானைக்கு மஞ்சள் கட்டி! காவலுக்கு நிக்கிற ஜாகா வந்து போட்டோ புடிச்சு ஆபீஸுக்கு அனுப்பிச்சான். எங்க எடத்துல சமைக்காதேன்னு கம்பெனி நோட்டீஸ் விட்டான். மறு வருஷமும் போய் வெச்சேன். வருஷா வருஷம் வெக்கிறேன். ஊரே என்னைப் பைத்தியம்னு சிரிக்குது."

"மொத பொங்கல் கெடு தேதிக்கு முன்னாலயா?"

"முன்னாலதான்."

லோயர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அக்கா! நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க. கெடு வர்றதுக்கு முன்னாலயே ஒருத்தன் செய்ய மாட்டேன்னு சொன்னா நமக்கு ரெண்டு வழி இருக்கு. சரி, முறிஞ்சுதுன்னு ஏத்துக்கிட்டா அன்னையிலேருந்து ஆறு வருஷம் ஓடும். ஏத்துக்காம, நீ சொன்ன தேதி வரைக்கும் காத்திருப்பேன்னு நின்னா, ஒப்பந்தம் உசுரோட இருக்கும். தேதி வந்தும் அவன் செய்யலன்னாத்தான் ஆறு வருஷமே ஆரம்பம். கெடு தேதி என்னக்கா?"

சொன்னேன். அதை மறக்க முடியுமா? அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! லோயரைக் கட்டிப்பிடித்து, தலையில் முத்தம் கொடுத்து, தேத்தண்ணியைக் கொட்டி, எல்லாம் செய்தேன். வாசல் வரை போனவளுக்குத் திடீரென்று பகீரென்றது. திரும்பி வந்தேன். மண்டபத்தில் என் கணவர் கத்தியதைச் சொன்னேன். லோயரின் முகம் மாறியது. "ஒப்பந்தம் யாரு பேருலக்கா?"

"அவரு பேருல."

"அப்ப அவரு வார்த்தைதான் கணக்கு. அன்னைக்கே முறிச்சுக்கிட்டார்னு கம்பெனி சொல்லும். அத கோர்ட் ஒத்துக்கிட்டா உங்களுக்கு எப்பவோ டைம் முடிஞ்சிருச்சு. கேட்டா மறைக்கக் கூடாது, நடந்தத நடந்தபடி சொல்லணும். ஆனா கேஸப் போடுவோம். கோபத்துல கத்துனதெல்லாம் முடிவாகிடாது. மொதல்ல அவரக் கூட்டிட்டு வாங்க."

மனுஷன் அப்போது செம்பனை ஆலை வாசலில், குலையை எடை போடக் காத்திருக்கும் லோரி வரிசையில் இருந்தார். அந்த வரிசையில் நிற்கிறவன் நகர்ந்தால் இடம் போய்விடும். நான் காலி வேனை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் பறந்தேன். ஹாரனை அழுத்திய அழுத்தில் வரிசை முழுக்கத் தலைகள் வெளியே நீண்டன. "எறங்குங்க!" என்றேன். "லோட் இருக்கு லா" என்றார். "அந்த லோட் கெடக்கட்டும், மனைக்கு இன்னும் டைம் இருக்காம், எறங்குங்கன்னா எறங்குங்க!" பின்னாலிருந்த லோரிக்காரர் சிரித்துக்கொண்டே, "போண்ணே, நான் பாத்துக்கிறேன். அக்கா லோரியையே தூக்கிட்டுப் போயிருவாங்க போலருக்கு" என்றார்.

வழியில் எல்லாம் சொன்னேன். என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "அன்னைக்கு நான்தானே வாயை விட்டேன்" என்றார். இத்தனை வருடமும் இந்த மனிதர் அதை மென்றுகொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்துப் போட்டார். மற்றக் குடும்பங்களும் ஓடி வந்தன. வியாழக்கிழமை மாலை லோயர் கம்ப்யூட்டரிலேயே வழக்கைப் பதிந்தார். பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததும் நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்க்கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. நான் முதலில் சாட்சி சொல்லி முடித்துவிட்டதால் உள்ளே உட்கார விட்டார்கள். பொங்கல் விஷயத்தில் கம்பெனி வக்கீலால் என்னை அசைக்க முடியவில்லை. போட்டோ பிடித்ததே அவர்கள் ஆள்தானே! அடுத்து என் கணவர் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் வளைத்துப் பேசாமல் நேராகக் கேட்டார்: "மனை வேண்டாம், போங்கள் என்று மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னேன்" என்றார் என் கணவர்.

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டேனே! அப்போது எங்கள் லோயர் எழுந்தார். "மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள்?"

என் கணவர் முதலில் என்னைத்தான் பார்த்தார், திருட்டுமுழி முழித்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "அந்த அதிகாரி பட்டணத்துச் சாப்பாட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தார். அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். நேற்று பேசியதை எடுத்துக்கொள்ள வேண்டாம், மனை எங்களுக்கு வேண்டும், தேதி வரைக்கும் காத்திருக்கிறோம் என்று சொன்னேன்" என்றார்.

மன்னிப்பா? அவனிடமா? எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன்; பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். லோயருக்கு இது முன்னமே தெரியும். வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கணவர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார். பின்னால் அந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது அவரும் மறுக்கவில்லை. ஆமாம், ஒருவர் வந்தார், மனை வேண்டும் என்றார், நான் போகச் சொல்லிவிட்டேன் என்றார்.

தீர்ப்பு நாளில் நீதிபதி அம்மா வாசித்தது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஆத்திரத்தில் வந்த ஒரு வார்த்தையை வைத்து ஒப்பந்தம் முடிந்ததென்று சொல்ல முடியாது. மறுநாளே இவர் போய் மனை வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், பொங்கலும் வைத்திருக்கிறார்கள். ஆகவே காலம் கெடு தேதியிலிருந்துதான் ஓடியது. வழக்கு சரியான நேரத்தில் வந்திருக்கிறது. கம்பெனி மனைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கோர்ட் என்றும் பாராமல் ஓவென்று கத்தினார்கள், காவலாளி அதட்டினார், யார் கேட்டது!

வெளியே வந்ததும் என் கணவரைத் தூணோரம் ஒதுக்கினேன். "அத்தன பேரு சாப்பிடுற எடத்துல அவன்கிட்ட போய் நின்னீங்களா? உட்காரவாவது சொன்னானா?"

"இல்ல லா. நின்னுக்கிட்டேதான் பேசுனேன். அவரு ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே கேட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேன எடுத்துக்கிட்டுப் போய் அவன இடிச்சிருப்பே."

அது உண்மைதான். "கோர்ட்ல சொன்னத விட வேற என்ன சொன்னீங்க அவன்கிட்ட? முழுசா சொல்லுங்க" என்றேன்.

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். "எனக்கு வேணாம்னா வேணாங்க. ஆனா எம் பொண்டாட்டி அங்க அடுப்படி எந்தப் பக்கம் வரணும்னு முடிவு பண்ணி வெச்சிருக்கா, அவகிட்ட நான் எப்படிங்க போய் சொல்லுவேன்னு கேட்டேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதேன்.