நாப்பது கையெழுத்து வாங்குன கதை

காலேஜ்ல பியூன் வேலைன்னா மணி அடிக்கிறதுன்னு ஊருக்குள்ள நெனைக்கிறாக. அடுத்தவுக பெருமையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்குறதுதான் அந்த வேலை. என்னைய மாதிரி காலு தேஞ்ச அண்ணன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

அம்பதுகளோட கடைசி. திண்டுக்கல்லுக்கு வெளிய பொட்டல்ல எங்க காலேஜ். எந்த சார் எதைச் சாதிச்சாலும் ஹெட்கிளார்க் ஒரு நீள நோட்டுல இங்கிலீஷ்ல எழுதுவாரு. அதுதான் சர்க்குலர் நோட்டு. அதை நாப்பது பேருகிட்டயும் காட்டி, ‘படிச்சேன்’னு கையெழுத்து வாங்கணும். அதனால எனக்கும் பேரு சர்க்குலருன்னே ஆயிப்போச்சு. பிரின்சிபால்ல இருந்து வாசல் கூட்டுற அம்மா வரைக்கும் அப்படித்தான் கூப்புடுவாக.

ஆறு வருசமா நான் டெம்பரவரி. எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணுனாத்தான் பெர்மனென்ட்டாம். ஆனி மாசத்துக்குள்ள பண்ணலேன்னா வீட்டுக்குப் போயிரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக. வீட்ல மூணு பிள்ளைக. எனக்கோ குரல் வித்தைதான் வரும். எந்த சாரு பேசுனாலும் அச்சா அப்படியே பேசிக் காட்டுவேன். பரீட்சையில அதுக்கு மார்க் இல்ல.

படிக்காத கையெழுத்து

எங்க பொருளாதார சாருக்குப் பேச்சு மூக்கு வழியாத்தான் வரும். அவரை ஏதோ கமிட்டியில மெம்பரா போட்டிருந்தாக. நோட்டுல ஏத்தி, மூணு மாடியும் சுத்திக் கையெழுத்து வாங்கி, உக்காந்து செத்த நேரம் கால நீட்டுனேன். மறுநா காலையில வந்து நிக்கிறாரு. “ங்ஏன் சர்க்குலரு, ங்என் சேதிய மட்டும் அமுக்கிட்டீகளா? ங்ஒருத்தரும் வாழ்த்தலையே?” அப்படின்னு ஒரே சத்தம்.

நான் நோட்டை விரிச்சேன். அவரு சேதிக்குக் கீழ, மொதக் கையெழுத்தே அவருதுதான். கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி பாத்தாரு. “கையெழுத்து ங்என்னோடதுதான். ங்அதுக்காக நான் படிச்சேன்னு ங்அர்த்தமா?”

பேரு வச்சாச்சு

சிறுமலையில வாழையெல்லாம் குட்டையா நின்னுபோச்சு. குலையே தள்ளல. தாவர சார் நாயித்துக்கிழமை தவறாம மலை ஏறுனாரு. அவரு ஏறுனாருன்னா நானும் ஏறுனேன்னு அர்த்தம். எறங்கையில இலைச்சாக்கு என் தலையில, தொப்பி அவரு தலையில. பல மாசம் பூதக்கண்ணாடியில பாத்து, அந்த நோய்க்கு ரயிலு நீளத்துக்கு ஒரு பேரு வச்சாரு. நோட்டுல ஏறிச்சு, நாப்பது கையெழுத்து, நூத்திச்சொச்சம் படி.

சேதிய மலையில சொல்லப் போனோம். தோட்டக்கார மொக்கையன் துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு முழுசும் கேட்டான். அப்புறம் சொன்னான்: “பேரு வச்சிட்டீக, சந்தோசம் சாமி. காதும் குத்திருவோம். இதை எப்ப மலைய விட்டுக் கட்டிக்குடுத்து அனுப்பப் போறீக?”

மெட்ராஸ்ல பேப்பர்

அதே வாழைக்காகத் தாவர சார் மெட்ராஸ் மாநாட்டுல பேப்பர் வாசிச்சாருன்னு அடுத்த சர்க்குலர். எனக்கும் பெருமைதான். இலை தூக்குன தலையில்ல? கேட்டுக்கு எதுத்தாப்புல பாய் டீக்கடையில, சாரு மாதிரியே கழுத்தைத் தூக்கி, தொண்டையச் செருமி, “மெட்ராஸ்ல எங்க சார் பேப்பர் வாசிச்சாருல்ல!” அப்படின்னேன்.

பாய் ஆத்துன டீய அப்படியே நிறுத்துனாரு. “ஏன் அப்பு, பேப்பர் வாசிக்க ரயிலேறி மெட்ராஸா போகணும்? நம்ம கடைக்கு வரச் சொல்லு, வாசிச்ச கையோட ஒரு டீயாவது குடிப்பாருல்ல?”

லீவு லெட்டரு

இம்புட்டுப் பெருமையத் தூக்குனவன் எட்டாங்கிளாஸ் எழுதப் போனேன். இங்கிலீஷ்ல லீவு லெட்டர் கேட்டிருந்தான். நமக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பூராம் சர்க்குலர் நோட்டு இங்கிலீஷ்தான். ‘ஆல் மெம்பர்ஸ் ஆஃப் த ஸ்டாஃப் ஆர் ஹியர்பை இன்ஃபார்ம்டு’ன்னு ஆரம்பிச்சு, எனக்குக் காய்ச்சல்னு முடிச்சு, எல்லா சர்க்குலருக்கும் கீழ இருக்குமேன்னு ‘பிரின்சிபால்’னும் எழுதிட்டு வந்தேன். போயே போச்சு.

இங்கிலீஷ் சார்கிட்டப் போயி எழுதுனதை ஒப்பிச்சேன். பாவம், நல்ல மனுசன், சிரிப்பை அடக்க முடியாம மேசையப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னாடி வச்சாரு. ஆனிக்கு முன்னாடி பாக்கி இருந்தது இன்னும் ஒரே ஒரு பரீட்சை. தெனமும் சாயங்காலம், அந்தப் பரீட்சை வரைக்கும், எனக்கு இல்லாத காய்ச்சலுக்கெல்லாம் லெட்டர் எழுத வச்சாரு. ஒவ்வொரு தடவையும் மொத லெட்டர் ஞாபகம் வந்து கேப்பாரு: “ஏலே, லீவு கேக்குறவனும் நீ, லீவு குடுக்குற பிரின்சிபாலும் நீயா?”

யாரு அந்த ஆளு

ஆனி பொறக்க நாலு நாள் இருக்கையில ரிசல்ட் வந்துச்சு. பாஸு! ஹெட்கிளார்க் அவராவே நோட்டை எடுத்தாரு. மேல, தாவர சாருக்கு டாக்டர் பட்டம். கீழ, திரு. ம. சௌந்தரபாண்டியன் பரீட்சையில் தேறினார், பணி நிரந்தரம். அது நான்தான். எங்கப்பன் வச்ச பேரு. அது எனக்கு இருக்குன்னே காலேஜ்ல ஹெட்கிளார்க்குக்கும் இங்கிலீஷ் சாருக்கும் மட்டுந்தான் தெரியும். இங்கிலீஷ் சாரு அன்னைக்குன்னு பாத்து லீவு.

என் பெருமைய நானே கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாடி ஏறுனேன். ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாத்துக்கிட்டே நோட்டை நீட்டுனேன். ‘சர்க்குலரு, பேனாவக் குடு’ம்பாக, கிறுக்குவாக, ‘போ’ம்பாக. முப்பத்தெட்டு பேரு இப்படி. கடைசியாத் தாவர சாரு. அவரு பேரு இருக்குல்ல, அதனால ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுப் படிச்சாரு. விரலு கீழ எறங்கி என் பேருல நின்னுச்சு. என் நெஞ்சு அடிச்சது காலேஜ் மணியக் காட்டியும் சத்தம்.

நிமிந்து பாத்து, மொகமெல்லாம் சிரிப்பாச் சொன்னாரு: “யாருப்பா இந்த சௌந்தரபாண்டியன், புது லெக்சரரா? பாவம், பரீட்சை எழுதி வந்திருக்காரு. சாயங்காலம் வரச் சொல்லு, ஒரு டீ குடுத்து வாழ்த்தணும். அப்படியே நீ போயி பாய் கடையில ரெண்டு டீ வாங்கிட்டு வந்துரு, சர்க்குலரு.”

அன்னைக்கு நான் பெர்மனென்ட் ஆனேன், கூடவே என் முழங்கால் வலியும் பெர்மனென்ட் ஆச்சு, வேலைக்கு முப்பத்தெட்டு பேரு படிக்காமலே கையெழுத்துப் போட்டாக, வலிக்குக் கையெழுத்துப் போட ஒருத்தரும் இல்ல.