கழுவிய நான்கு மரங்கள்

மாநாட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது முத்தாண்டிக்குப்பம் முந்திரிக் கொல்லைக்குப் போனேன். கொல்லைக்குச் சொந்தக்காரரான அக்காவுக்குக் காலையில் போன் செய்து, "நாளைக்கு வர்றேன்க்கா" என்று சொல்லியிருந்தேன். ஆனால் கணவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு அன்று மதியமே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு முந்திரி இலையில் படியும் தூசு பற்றியது. மாதம் ஒருமுறை பன்னிரண்டு மரங்களில் இலை பறித்து, தூசைக் கழுவி எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, எடை போட வேண்டும். ஒரு வருடமாக அதைத்தான் செய்துவந்தேன்.

அக்கா மோட்டாரைப் போட்டு, ட்யூப்பைப் பிடித்து, நான் எண் கட்டிய மரங்களின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நாளைக்குன்னு சொன்னியே?"

"என்னக்கா பண்றீங்க?"

"எலய அலம்பிகினு இருக்கேன். நீ காலேஜிக்கு எடுத்துகினு போற. புழுதியோட குடுத்தா நம்பள இன்னா நெனப்பாங்க?"

"ஒவ்வொரு மாசமுமா?"

"நீ போன் பண்ண ஒடனே மோட்டாரப் போட்டுடுவேன். ட்யூப்பு நாலு மரத்துக்குத்தான் எட்டுது. அந்தாண்ட இருக்கறத அப்படியே குடுக்கறமேன்னுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. இலை ஆராய்ச்சி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தூசு என்றால் ஏதோ புகார் என்று பயந்து இடம் தரமாட்டாரோ என நானாக நினைத்து, அந்த வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை.

கிணற்றடியில் இருந்த அந்த நான்கு மரங்களில் மட்டும் மற்றவற்றில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு தூசுதான் இருந்தது. பக்கத்தில் நிற்கும் சவுக்கு வரிசை காற்றைத் தடுக்கிறது என்று காரணம் சொல்லி ஆய்வேட்டில் ஒரு இயலே எழுதிவிட்டேன். மாநாட்டில் நான் பேசப்போவதும் அதைத்தான். ஸ்லைடுகளை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒரு வருட உழைப்பு போகும். பிரசவத்துக்காக ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன், இன்னொரு முறை கிடைக்குமா என்று தெரியாது. நெறியாளர் வெளிநாட்டில் இருந்தார். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. அல்லது அப்படித் தோன்ற வைத்துக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை.

"எங்க லாக் புக்ல ஒன்ன அடிச்சு எழுதினா பக்கத்துல கையெழுத்து போடணும். அடிக்காம விட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நீங்களா இருந்தா?"

"நான் கையெழுத்து போட்டுத் திட்டு வாங்கற ஆளு. அதுக்காக நீயும் வாங்கணும்னு இல்ல."

அது ஒரு பதிலா என்று அப்போது கோபம் வந்தது.

மாநாட்டு நாளில் பல்கலைக்கழக அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து, குழந்தை சாப்பிட்டாளா என்று இரண்டு முறை போனைப் பார்த்தேன். அப்புறம் பார்க்க மறந்துபோனேன். எனக்கு முன்னால் பேசிய பெண் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைக் காட்டினாள். கடுகளவுகூட இல்லாத கல். அதைத் தேய்த்து ஒளியில் பார்த்தால் மீன் குஞ்சாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. அவள் எண்ண எண்ண அரங்கில் இருமல்கூடக் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் நடுவில் நான் ஏன் இருக்கிறேன் என்று நினைத்தேன். இருக்கிறேனே என்றும் நினைத்தேன்.

என் முறை வந்தது. முதல் படம் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்தது. வீட்டு மடிக்கணினியில் உள்ளங்கை அகலத்தில் பார்த்த படம் இங்கே சுவர் உயரத்துக்கு விரிந்தது. செம்மண் துகள்கள் பாறைகளாகக் கிடந்தன. முள் முளைத்த மகரந்தம் ஒன்று. அவற்றுக்கிடையே உருண்டையாக, மாசில்லாத கண்ணாடிக் கோளங்கள், அனல்மின் நிலையத்து நெருப்பில் உருகிக் காற்றிலேயே உறைந்த சாம்பல். உடைந்த ஒரு கோளத்துக்குள் இன்னும் சிறிய கோளங்கள் நிறைந்திருந்தன. எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பியில் நான் தினமும் துடைத்துப் போடுவதில் இதுவும் இருந்திருக்கிறது. படத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்து அட்டவணை. அதன் எதிரில் நின்று சவுக்கு மரத்தைப் பற்றிப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இந்த நாலு மரத்தோட எண்கள் தப்புங்க" என்றேன். அக்கா செய்ததையும், நான் அவரிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அரங்கம் சிரித்தது. நடுவர்களில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க எப்ப கழுவுவாங்க?"

"நான் போன் பண்ணதும் சார்."

"அது சரிம்மா. இலை பறிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?"

"ஒரு நாள்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

ஒரு நாள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் மூன்றே நாளில் மற்ற மரங்களின் அளவு சேர்ந்துவிட வேண்டும். மாதத்தின் மற்ற நாட்களில் விழுந்ததெல்லாம் எங்கே போயிற்று?

அதை மைக்கிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ட்யூப் தண்ணி முழுசா கழுவியிருக்காது. இத வச்சு எதுவும் எழுத முடியாது" என்றார் அவர். "ஆய்வேட்டுல இத எழுதியிருந்தா அந்த இயலை எடுத்துடுங்க. நீங்களே இலையைத் துடைச்சு, தேதி போட்டு, இன்னொரு வருஷம் எடுங்க. நீட்டிப்புக்கு எழுதிப் பாருங்க. குடுப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது."

வராந்தாவில் நின்று கணவரைக் கூப்பிட்டேன். குழந்தை தூங்குகிறாள் என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். இன்னும் ஒரு வருடம், அதுவும் கொடுத்தால்தான் என்றேன். "சரி, நீ மொதல்ல சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிடவில்லை. வெளியே வேப்பமரம் ஒன்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது. இலையில் விழுவதை ஒரு வருடமாக எடை போட்டிருக்கிறேன். அதிலிருந்து போவதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. காற்றா, பனியா, இலையே உதறுகிறதா? நீட்டிப்பு கிடைக்காவிட்டால் இதை யார் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தது. ஆனாலும் அந்த மரத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.