பதிமூன்று கிலோ கொசுறு

போன வருடம் ஒரு காலை, பரேடு முடிந்ததும் எங்கள் அதிகாரி ஒரு தாளை எடுத்து வாசித்தார். இனிமேல் அணியில் இருக்கும் எல்லோரும், பயிற்சி கொடுப்பவர்கள் உட்பட, உடல்தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். தேறாதவர்களுக்கு அணியில் இடமில்லை. பயிற்சி கொடுப்பவர்கள் என்று பன்மையில் எழுதியிருந்தார்களே தவிர, அங்கே பயிற்சி கொடுத்தது நான் ஒருத்திதான். வயது ஐம்பத்தொன்று. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று வாரம் அவகாசம்.

நான் இருந்தது ராமநாதபுரம் கடலோரத்துக்கென்று போலீசில் அமைத்த ஒரு சின்ன அதிரடி அணி. அதில் பெண்கள் பிரிவு. பத்துப் பேர். கடல் வழியாகத் தீவிரவாதிகள் வந்து இறங்கினால் முதலில் எதிர்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். அணி அமைத்த நாளிலிருந்து யாரும் வரவில்லை. எங்களுக்குப் பயந்துதான் வரவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். இந்தப் பக்கம் பாறை அதிகம், அதனால்தான் என்று மீனவர்கள் சொல்வார்கள்.

நான் பயிற்சிக்குப் போன காலம் வேறு. முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து போனேன். அய்யாவுக்கு மிளகாய்த் தோட்டமும் இருபது ஆடும். ஆட்டுக்குப் பின்னால் ஓடியதுதான் எனக்கிருந்த முன் அனுபவம். கமாண்டோ பயிற்சிக்குப் பெண்களை எடுக்க ஆரம்பித்த புதிது. எங்கள் அளவுக்கு பூட்ஸ் இல்லை, ஆண்களுக்கானதைக் கொடுத்து, முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பயிற்சியாளர் வடக்கேயிருந்து வந்தவர். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, கத்தியது புரிந்தது.

அன்றைக்குத் தகுதி என்றால் மயங்கி விழாமல் இருப்பது. அவ்வளவுதான். ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் கிடையாது, குடித்தால் உடம்பு பழகிவிடும் என்பார்கள். மயங்கி விழுந்தவள் முகத்தில் மட்டும் ஒரு குவளை தெளிப்பார்கள். அதற்காகவே விழுந்தவர்கள் உண்டு. நானும் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், இரண்டாவது முறை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. எந்தத் தப்புக்கும் தண்டனை வாத்து நடை. குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையிலேயே மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். தப்பு செய்யாத நாளில் பயிற்சி என்ற பெயரில் அதையே செய்தோம்.

அப்புறம் ஒரு காலம் வந்தது. எங்கோ ஒரு பெருநகரத்துக்குள் கடல் வழியாக ஆட்கள் புகுந்து சுட்டார்கள். நம் மாவட்டத்துக்கும் கடல் இருக்கிறது என்று அதன்பிறகுதான் மேலே ஞாபகம் வந்தது. லாரியில் ஜிம் சாமான்கள் வந்து இறங்கின. ஆண்கள் பிரிவில் எல்லோரும் கையைத் தடியாக்க ஆரம்பித்தார்கள். காலையில் பத்து முட்டை, மாலையில் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம். ஒரு ஒத்திகையின்போது அப்படி ஒருவர் விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கப் போய் தோளோடு மாட்டிக்கொண்டார். உள்ளே தீவிரவாதியாக நடித்த காவலர்தான் கீழேயிருந்து காலைப் பிடித்து இழுத்து உதவி செய்தார்.

இப்போதைய அதிகாரி வந்தபின் மூன்றாவது காலம் ஆரம்பித்தது. கோயம்புத்தூர் பக்கத்துப் பெண், என் மகள் வயதிருக்கும். வந்த வாரமே எல்லோர் கையிலும் ஒரு கடிகாரம் கட்டிவிட்டார். அது நாம் எவ்வளவு தூங்கினோம் என்று அவரிடம் சொல்லிவிடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீர் குடிக்க வைத்தார். துப்பாக்கி எடுக்குமுன் மூச்சை நிதானப்படுத்தச் சொன்னார். எவ்வளவு நேரம் தாங்குவாய் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புவாய் என்று கேட்டார்.

முதல் நாள் நான் எங்கள் பிரிவுப் பிள்ளைகளை வாத்து நடை போகச் சொன்னேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எதுக்குங்க?"

இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. காலுக்கு வலு என்றேன். முழங்காலைத்தான் இது தின்னும், உங்களுக்கே தெரியுமே என்று என் காலைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது.

வாத்து நடை அன்றோடு நின்றது. ஆனால் என்னிடம் இன்னொரு பழக்கம் இருந்தது, அது அவருக்குத் தெரியாது. எங்கள் தலைமுறைப் பயிற்சியாளர்கள் எல்லோரிடமும் இருந்த பழக்கம் அது. கொசுறு என்போம். கறிவேப்பிலையைக் கடைக்காரர் தானாகவே பையில் போடுவாரே, அப்படி. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று சொல்லிவிட்டு ஐந்தரை ஓட வைப்போம். நூறு தண்டாலில் நடுவே சில எண்களை மறந்துவிடுவோம். முதுகுப் பையில் இரண்டு செங்கல் கூட இருக்கும். பிள்ளைகளிடம் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை. இதெல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான் என்று மனதார நம்பினேன்.

புதிய தேர்வில் ஓட்டத்தைவிட முக்கியமானது, அடிபட்ட சகாவை இழுத்துக்கொண்டு வருவது. ஆள் உயரப் பொம்மை, அறுபது கிலோ. மணலில் ஐம்பது மீட்டர், நாற்பது நொடிக்குள். தலைமையகத்தில் அதற்கென்று விலைக்கு வாங்கிய பொம்மை இருந்தது. எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேர் அங்கே போய் அதை இழுத்துத் தேறினார்கள். எல்லோரிலும் வேகமானவள் முப்பத்தெட்டு நொடி. ஒருத்தி மட்டும் அம்மை போட்டு வீட்டில் கிடந்ததால் போகவில்லை. பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அவளுக்கு மட்டும் இங்கேயே தேர்வு வைக்கலாம், பொம்மையை நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவானது.

செய்தது நான். தார்ப்பாய் தைப்பவரிடம் கை கால் வைத்த ஒரு சாக்கு தைத்து வாங்கி, கடற்கரை மணலை நிரப்பினேன். மீன் ஏலக்கூடத்துத் தராசில் வைத்து அறுபது காட்டும்வரை போட்டேன். வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டதில் பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம், வாயைத் தைப்பதற்கு முன், இன்னும் பத்து கிலோ மணல் போட்டேன். அடிபட்டவள் உடம்பில் நனைந்த துணி இருக்கும், கவசம் இருக்கும், துப்பாக்கி இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். யோசித்து வந்த காரணம் இல்லை, கை போட்டது, காரணம் பின்னால் வந்தது. படிவத்தில் எடை அறுபது கிலோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாம்பன் பெண் நாற்பத்துநான்கு நொடியில் இழுத்து முடித்தாள். நான்கு நொடி அதிகம். அதிகாரி ஒன்றுக்கு இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். விதி விதிதான். அந்த வாரமே அவளை அணியிலிருந்து எடுத்து ராமேஸ்வரம் கோயில் வாசலில் வரிசை ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போட்டார்கள். பாவம், அம்மை கண்ட உடம்பு என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடுத்த மாதம்தான், பயிற்சி கொடுப்பவர்களையும் சேர்த்த அந்தத் தாள் வந்தது.

மூன்று வாரமும் காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை பக்கம் போகவில்லை. என் கையால் செய்தவன், என்ன செய்துவிடப் போகிறான் என்று ஒரு அலட்சியம். தேர்வுக்கு முந்தைய நாள் விடிந்ததும், யாரும் வருவதற்கு முன் கொட்டகையைத் திறந்து அவனைக் கடற்கரைக்குக் கொண்டு வந்தேன். கொண்டு வருவதற்கே நான்கு இடத்தில் நின்றேன். கோடு கிழித்து, கடிகாரத்தை அமுக்கி, அக்குளில் கை கொடுத்துப் பின்பக்கமாக இழுத்தேன். முப்பது மீட்டர் போனேன். அதற்குள்ளேயே நாற்பது நொடி முடிந்திருந்தது. முழங்கால் மடங்கி மாப்பிள்ளையின் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழி ஒன்று இருந்தது. சட்டைப்பையில் பிளேடு இருந்தது, சாக்குத் தைக்கும் ஊசியும் இருந்தது. பத்து கிலோவை எடுத்துக் கொட்டிவிட்டுத் தைத்துவிட்டால், கடற்கரையில் பத்து கிலோ மணல் கூடியது யாருக்குத் தெரியப் போகிறது. மூன்று தையல் பிரித்தேன். மணல் கொஞ்சம் கொட்டியது.

அப்போதுதான் அந்த நாற்பத்துநான்கு ஞாபகம் வந்தது. இதே மாப்பிள்ளையை, அம்மை இறங்கிய பத்தாவது நாளில், நாற்பத்துநான்கு நொடியில் அந்தக் கோடு வரை இழுத்தாள் ஒருத்தி. எங்கள் அணியிலேயே பலசாலி அவள்தான். அவளை நான் கோயில் வாசலுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது இந்த மணலைக் கொட்டினால் நான் தேறுவேன், அவள் தோற்றது தோற்றதாகவே இருக்கும். எனக்கு அழுகை வந்தது. கொட்டிய மணலை அள்ளித் திரும்ப உள்ளே போட்டுத் தைத்தேன்.

பரேடுக்கு முன்பே அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழகிய வேலை. மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றச் சொல்லி, என்னையும் ஏற்றி, மீன் ஏலக்கூடத்துக்கு விட்டார். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நண்டுக்கூடைகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு அவனைத் தராசில் கிடத்தினோம். ஒரு வியாபாரி எட்டிப் பார்த்து, இது எத்தனை பாகம் ஆழத்தில் கிடைத்தது என்று விசாரித்தார். தராசு எழுபத்துமூன்று காட்டியது. நான் போட்டது பத்து. மீதி மூன்று, அந்தப் பத்தைப் போடுமுன்பே கொட்டகையில் கிடந்த நாட்களில் உப்புக்காற்றின் ஈரம் போட்ட கொசுறு.

"நீங்க அறுபதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன்.

அங்கேயே பதிமூன்று கிலோவைக் கொட்ட வைத்தார். மறுநாள் என் தேர்வு நடந்தது. முப்பத்தொன்பது நொடி. ஒரு நொடி மிச்சம் வைத்துத் தேறினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த நாள் உத்தரவு வந்தது. பாம்பன் பெண்ணின் முடிவு ரத்து, அவள் அணிக்குத் திரும்ப வேண்டும். தவறான சான்று கொடுத்ததற்காக என்னைப் பயிற்சியிலிருந்து விலக்கி, அவள் இருந்த கோயில் வாசல் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். கோபம் வந்தது, மறைப்பானேன். தேறின பிறகு அனுப்புகிறார்களே என்றுதான் கோபம். இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் வேலையை ஏற்றுக்கொள்ள ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறினேன்.

அவள் கிழக்கு வாசல் பக்கம் நின்றிருந்தாள். தீர்த்தமாடி நனைந்த துணியோடு வந்த கூட்டத்தைக் கயிற்றுக்கு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சல்யூட் வைத்தாள். விசில், கயிறு, பிளாஸ்டிக் நாற்காலி, பொறுப்பு நோட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி ஒப்படைத்தாள். அவளுக்கு வந்த உத்தரவில் காரணம் எழுதியிருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்திருந்தேன். பொம்மையில் எடை கூட இருந்தது என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா," என்றாள். "மொத இழுப்புலயே தெரிஞ்சிருச்சு. எங்க வீட்ல ஐஸ் பொட்டி தூக்குன கை. பத்துக்கு மேல கூட இருக்கும்னு நெனச்சேன்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டிரெயினிங்னா கூடக் கொஞ்சம் போடத்தான செய்வீக. எல்லாருக்கும் போட்டதுதான எனக்கும்னு இருந்துட்டேன்." கயிற்றைத் தாண்டிய ஒருவரை உள்ளே தள்ளினாள். "எனக்கு மட்டுமா போட்டீக?"

ஆமாம் என்று மட்டும் சொன்னேன். உன் நன்மைக்கு என்று சொல்ல வாய் கூசியது.

அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. மொத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். எழுபத்துமூன்று என்றேன். பொறுப்பு நோட்டைத் திரும்ப என் கையிலிருந்து வாங்கி, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"அத எழுதிக் குடுங்கம்மா."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதினேன். அவள் பெயர். எடை எழுபத்துமூன்று கிலோ. ஐம்பது மீட்டர். நாற்பத்துநான்கு நொடி. கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் நின்றபடி ஒருமுறை படித்தாள், எண்களை மட்டும் விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தாள். தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். வாரேம்மா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். கூட்டம் கயிற்றைத் தள்ள ஆரம்பித்திருந்தது. நான் எழுந்து விசிலை ஊதினேன்.