மூன்று மணி நேரமல்ல, ஏழு

ஞானமுத்து போய்விட்டான் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை திருவொற்றியூரில் எங்கள் ஆலை வாசலில் வைத்து எனக்குக் கிடைத்தது. காய்ச்சலில் நான்கு நாள் கிடந்திருக்கிறான். ஒரே வயது, வரைபட அறையில் அடுத்தடுத்த மேசை. அதனால் அவன் என்றுதான் எழுதுவேன். அவனை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இடுகாட்டில் எங்கள் அறையின் பழைய அதிகாரி மாலை போட்டுவிட்டு, “நல்ல மனுஷன், கணக்கில்தான் கொஞ்சம் அஜாக்கிரதை” என்றார். யாருக்கு ஐயா அஜாக்கிரதை?

மதியம் சோற்றுப் பாத்திரத்தை மூடிய கையோடு பென்சிலை எடுப்பவன் அவன். தொகையீட்டுக் கணக்கில் லாக் என்கிற மடக்கை வந்தால் நான் விழிப்பேன். “லாக்கு தனியா நிக்குதேன்னு பயப்படாதபா. பக்கத்துல ஒரு ஒண்ணு கீதுன்னு நெனச்சுக்கினு பாகம் பிரிச்சுப் போடு, வழிக்கு வந்துடும்” என்பான். வந்த விடையைத் திருப்பி வகையிட்டுப் பார்க்காமல் அடிக்கோடு போடமாட்டான். அவனுக்கா அஜாக்கிரதை?

நடந்ததைச் சொல்கிறேன். எண்ணெய் காய்ச்சும் தொட்டியை எத்தனை மணி நேரம் ஆறவிட்டுத் திறக்கலாம் என்று ஒரு அட்டவணை தேவைப்பட்டது. அந்தக் கணக்கைத் தொகையிட்டால் இயல் மடக்கை வரும். எங்கள் லாக் வாய்பாட்டுப் புத்தகத்தில் இருந்தது பத்தடிமான மடக்கை. அதில் எடுத்த எண்ணை 2.303ஆல் பெருக்கவேண்டும். அந்த அதிகாரி பெருக்கவில்லை. மூன்று மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஞானமுத்து பென்சிலில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றான். “சார், பெருக்க விட்டுப்போச்சு சார். மூணு இல்ல, ஏழு மணி நேரம் ஆவும்.”

“உன்னைக் கோடு போடத்தான் வெச்சிருக்கு. போய்ப் போடு.”

போட்டான். அட்டவணைத் தாளின் மூலையில் வரைந்தவன் கையெழுத்து மட்டுமே இருக்கும், கணக்குப் போட்டவர் பெயர் இருக்காது. எங்கள் அறை வழக்கம் அது. அடுத்த வாரம் ஏழுமலை என்ற தொழிலாளி மூன்று மணி நேரத்தில் மூடியைத் திறந்தார். இரண்டு கையும் வெந்துபோயின. விசாரணையில் அதிகாரியின் தாளைக் காணோம். மூலையில் இருந்த கையெழுத்துதான் அகப்பட்டது. அன்றோடு ஞானமுத்துவைக் கிடங்குக்குத் தள்ளினார்கள். சாகும்வரை மூட்டை எண்ணினான்.

அதிகாரி மேல் மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. “நான் எதையும் பார்க்கவில்லை” என்றேன். பாவி நான்.

வெளியே வந்தபோது அவன் திட்டவில்லை. பென்சில் கணக்கை மடித்து என் சட்டைப்பையில் வைத்தான். “நீ வெச்சுக்கோபா. என்னிக்காவது எவனாவது கேப்பான்.”

ஒருவரும் கேட்கவில்லை. நானாகவும் நீட்டவில்லை. அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். இனி ஒருவர் கேட்கும்வரை காத்திருக்கப்போவதில்லை. அதில் ஏழு மணி நேரம் என்றுதான் இருக்கிறது. அவன் கணக்கு சரி. நான் பார்த்தேன்.