ஒட்டுப் போட்ட ஆர்மோனியம்

போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து அங்கே ஒரு காட்சி அறை திறந்தார்கள். பால் வாளி, மரத்தில் பால் வடிகிற மங்கு, சீவுகத்தி, விடியலில் ஆள் கூப்பிட அடிக்கிற பெரட்டு மணி என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், எங்கள் வீட்டு ஆர்மோனியம். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். அதை மோந்து பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வாடை உண்டு. புளித்துப்போன ரப்பர் பால் வாடை. சொன்னால் முகம் சுளிப்பீர்கள். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு அது நாற்றம். எங்களுக்கு அது சோறு வேகிற வாடை மாதிரி. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் தலையில் அதே வாடை, என் தலையிலும் அதே வாடை. யாரை யார் குறை சொல்வது?

ஈப்போவுக்குப் பக்கத்தில் கோப்பெங்கிலிருந்து உள்ளே போகிற மண்சாலையில் எங்கள் தோட்டம். சனிக்கிழமை பஜனைக்கு அவர்தான் ஆர்மோனியம் வாசிப்பார். தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போன ஒருவர் விட்டுப்போன பெட்டி அது. அவருக்கும் அது வேறு யாரோ விட்டுப்போனதாம். அதற்கு என்ன வயது என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. செத்துப்போன மனிதரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, சுமாராகத்தான் வாசிப்பார். பாடுகிறவர் ஒரு பக்கம் போவார், இவர் ஒரு பக்கம் போவார், கடைசியில் கற்பூரம் காட்டும்போது இரண்டு பேரும் எப்படியோ சேர்ந்துகொள்வார்கள். ஆனால் பெட்டியைத் துடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்ற பிள்ளையின் மூக்கைக்கூட அப்படித் துடைத்ததில்லை.

நம் மலேசிய மழைக்குத் தோல் எங்கே நிற்கும்? பின்னால் கையால் அழுத்திக் காற்று அடிப்பார்களே, அந்தத் துருத்தி மடிப்பில் வெடித்துவிட்டது. அழுத்தினால் பாட்டுக்கு முன்னால் புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. பஜனைக்கு வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவருக்கு ரோஷம். ஈப்போவில் பழுது பார்க்கிறவர் மூன்று மாதம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எங்களுக்குத் திருவிழா அடுத்த வாரம்.

நான்தான் ஒட்டினேன். அவருடைய பழைய வேட்டியில் ஒரு சாண் கிழித்து, ரப்பர் பாலில் முக்கி, வெடிப்பின்மேல் படிய வைத்து, அடுப்புப் புகையில் காயவிட்டு, மறுபடியும் ஒரு பூச்சு. மூன்றாம் பூச்சில் தோல் மாதிரியே ஆகிவிட்டது. அவர் அழுத்திப் பார்த்தார். புஸ் இல்லை.

“பரவால்லயே, ஒனக்கும் கொஞ்சம் மூள இருக்கு போல” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது. நானும் எதிர்பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒட்டு இறுகி வெடிக்கும்போதெல்லாம் புதிதாக ஒட்டுவேன். அத்தனை வருஷமும் அவர் வாசித்தார் என்றுதான் ஊர் சொல்லும். அந்தப் பெட்டி மூச்சு விட்டது என் ஒட்டால். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

பாலுக்கு எங்கே போனாய் என்று கேட்பீர்கள். காலையில் நானே சீவி எடுக்கிற பால்தான். ஆனால் மரம் கம்பெனியுடையது. ஒரு சார்டின் மீன் டின்னில் ஊற்றி, துணியால் மூடிக்கொண்டு வருவேன். ஒருநாள் பால் நிறுக்கிற இடத்தில் கிராணி பார்த்துவிட்டார். கிராணி என்றால் கணக்குப்பிள்ளை. எங்களுக்கு வெள்ளைக்காரத் துரையைவிட அவரிடம்தான் பயம். என்ன டின் என்றார். ஆர்மோனியத்துக்குப் பால் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதில்தான் அவருக்குக் கோபம் ஏறியது.

“இது கம்பெனி பாலு. ஒங்க வீட்டு மாட்டுப் பால் இல்ல.”

“மாட்டுப் பாலா இருந்தா பிள்ளைக்குக் குடுத்திருப்பேனேய்யா. பொட்டிக்கா ஊத்துவேன்?”

அந்த வாய்க்கு அன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான். முழுநாள் வேலை செய்து அரைநாள் சம்பளம். அது எப்போதோ மறந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் திருடி என்றாரே, அது மறக்கவில்லை. அடுத்த ஒட்டுக்கும் அதே தோட்டத்துப் பால்தான் எடுத்தேன். டின்தான் கொஞ்சம் பெரிது.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரத்தைத் தள்ள இயந்திரம் வந்து ரோட்டோரமாக நின்றது. வேலை நின்ற மறுநாள் காலையில், யாரும் பெரட்டுக்குக் கூப்பிடாமலே, நான் பால் சீவுகிற என் மர நிரைக்குப் போனேன். ஒரே ஒரு மரத்தைச் சீவினேன். மங்கில் வடிந்ததை எடுத்துவந்து துருத்திக்குப் பூசினேன், கொஞ்சம் தடிப்பாகவே. இனிமேல் பால் கிடைக்காது என்று தெரியுமே.

ஈப்போவில் எங்களுக்கு நாலாவது மாடி வீடு. பக்கத்துக் கோயிலில் பஜனைக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஏற்கனவே கரண்டில் வாசிக்கிற கீபோர்டு வாங்கி வைத்திருந்தார்கள். இது பழசுங்க, வீட்டிலேயே வையுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்களாம். நாலு மாடியும் அதைத் திரும்பச் சுமந்து ஏறினார். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அவர் அதைத் திறக்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. மழை நாளில் அந்த வாடை மெல்ல எழும்பி வரும். நான் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

போன வருஷம் பாலன் வந்தார். அந்தக் கிராணியின் மகன். இப்போது பழைய தோட்டத்தாருக்கெல்லாம் அவர்தான் தலைவர். நல்ல மனிதர், அக்கா அக்கா என்றுதான் பேசுவார். கூடவே பழைய டவுனில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கிற ஒரு சீனரை அழைத்துவந்தார். ஆர்மோனியம் விண்டேஜா இல்லையா என்று அவர் பார்த்துச் சொல்வாராம். அது என்ன அது என்று கேட்டேன்.

“பழசுன்னா தூக்கிப் போடுறது, விண்டேஜ்னா தூக்கி வைக்கிறதுக்கா” என்றார் பாலன்.

எத்தனை வருஷம் ஆனால் ஒன்று மாறி மற்றொன்று ஆகும் என்று விடாமல் கேட்டேன் நான். சீனர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். சிலர் முப்பது என்பார்களாம், சிலர் ஐம்பது என்பார்களாம். வருஷம் மட்டும் போதாது, நல்ல கை செய்ததாக இருக்க வேண்டும், பிறந்தபடியே இருக்க வேண்டும். சின்ன டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். சத்தம் கொடுக்கிற உள்நாக்கெல்லாம் ஜெர்மன்காரன் செய்தது, மரம் தேக்கு என்றார். பிறகு பெட்டியைத் திருப்பி ஒட்டைப் பார்த்தார். ரப்பர், நான் ஒட்டியது என்றேன். பிறந்தபடி இல்லையே. அவர் அதைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார். இந்த மாதிரிப் பெட்டி நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த ஒட்டு வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். பாலனைப் பார்த்து, “ஜாங்கான் புக்கா” என்றார். பிரிக்காதே என்று. அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும்.

அப்படியும் நான் கொடுப்பதாக இல்லை. அப்போதுதான் பாலன், அண்ணன் பேரைக் கண்ணாடியில் தங்க எழுத்தில் போடலாம் என்றார். என் வீட்டுக்காரர் பெயரை ஆஸ்பத்திரியில் தவிர வேறெங்கும் யாரும் உரக்கக் கூப்பிட்டதில்லை. அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். ஒட்டைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அத யாருக்கா தொடப்போறாங்க என்றார்.

போன மாதம் அந்தத் திறப்பு விழாவில் கண்ணாடியில் அவர் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிழை இல்லை. அதற்குக் கீழே துருத்தி, சிவப்புத் தோலில், புத்தம் புதிதாக.

“ஒட்டு எங்க பாலன்?”

“கறுத்துப்போயி பிசுபிசுன்னு இருந்துச்சுக்கா. பினாங்குல குடுத்து மாத்தியாச்சு. இப்பப் பாருங்க, எவ்ளோ விண்டேஜா இருக்கு.”

“கழட்டுனதக் குடுங்க.”

“குப்பையில போயிருக்கும்லா. ரப்பரு தானேக்கா.”

அப்பாவுக்கு அது திருட்டு, மகனுக்கு அது அழுக்கு. இனி யார் அழுத்தினாலும் அந்தப் பெட்டி அழகாக வாசிக்கும். ஆனால் யாரும் அழுத்தப்போவதில்லை, கண்ணாடியைச் சுற்றித் திருகாணி போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாலன் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

திரும்பும்போது மகள் கோப்பெங் பக்கமாகக் காரை விட்டாள். தோட்டம் இருந்த இடமெல்லாம் ஒரே மாதிரி வீடுகள். என் நிரை யார் வீட்டுச் சமையலறைக்கு அடியில் போயிற்றோ. ஒரு பால்மரம்கூடக் கண்ணில் படவில்லை. அங்கே நாங்கள் எடுத்த பாலெல்லாம் எந்தெந்த ஊரிலோ டயராக ஓடித் தேய்ந்து முடிந்திருக்கும். மிச்சமிருந்தது என் கட்டிலுக்கு அடியில் ஒரு சாண். பெயருக்கு ஆசைப்பட்டு, அதையும் நானே தூக்கிக் கொடுத்தேன்.