நான்கு தக்கைகள்

என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் எண்ணெய் வண்ணப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஊசி குத்திய துளைகள் இருக்கின்றன. வருகிறவர்கள் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் கண் நேராகப் படத்தின் இடது கோடிக்குப் போகும். அங்கே ஆறு திரும்புகிற இடத்தில், இருண்ட பாறையின் மேல் ஒரு கீற்று வெயில் விழுந்திருக்கும். பொன்முடிக்குப் போகிற வழியில், கல்லாறு பாறைகளுக்கு நடுவே இறங்கும் மலையிடுக்கை நான் பார்த்து வரைந்த படம் அது. பாறை என்னுடையது, ஆறு என்னுடையது. அந்த வெயில் மட்டும் என் மன்னியுடையது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபதுகளில் அண்ணாவும் தங்கை நானும் திருவனந்தபுரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் வகுப்புக்குப் போய் எண்ணெய் வண்ணம் முறையாகக் கற்றேன். அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மன்னிக்கு ஆரம்பத்தில் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடையே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னால் நின்று பார்ப்பாள். பிறகு ஒரு நாள், மீந்த கான்வாஸ் இருந்தால் கொடு என்றாள். நானேதான் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்குள் அவள் கைக்கு வந்த லாகவம் எனக்கு அதுவரை வந்திருக்கவில்லை. அடக்கமாவது இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. தன் படம் நன்றாக அமைந்துவிட்டால் அதைத் தானே எல்லோருக்கும் சொல்வாள். அவள் சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா எங்களை அழைத்துப் போவான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு பஸ் ஏறி, விதுராவில் வேறு பஸ் மாறிப் போக வேண்டும். காப்புக்காடு என்பதால் வனக் காவலர் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க விடமாட்டார். கண்ணை மறைக்கிற கிளையையும் அப்படியே விட்டு, நாங்கள்தான் இடம் மாறி உட்கார வேண்டும். நான் விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பாறைகளை அளந்துகொண்டிருப்பேன். மன்னி முறுக்கைக் கடித்துக்கொண்டு காவலரோடு அரைகுறை மலையாளத்தில் வம்பளப்பாள். மத்தியானத்துக்கு மேல் வெயில் சாயும்போதுதான் பிரஷை எடுப்பாள். எல்லாம் முடிந்ததும் அண்ணா என் படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பான். அவள் படத்தின் முன்னால் ஒன்றும் பேசாமல் நிற்பான். அந்த மாதிரி யாராவது என் படத்தின் முன்னால் நிற்க மாட்டார்களா என்று எனக்கு இருக்கும்.

ஒரு வருஷம் நகரத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு நான் மூன்றாவது தடவையாகப் படம் அனுப்புவதாக இருந்தேன். முந்தைய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இதுவும் வந்தால் வண்ணப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தானும் அனுப்பப் போவதாக மன்னி சொன்னாள்.

எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும். ஈரப் படத்தைப் பஸ்ஸில் கொண்டுவர ஒரு வழி உண்டு. ஒரே அளவில் உள்ள இரண்டு படங்களை முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நான்கு மூலைகளிலும் இருபுறமும் ஊசி செருகிய தக்கைகளை வைத்துக் கட்ட வேண்டும். அவள் படத்துக்கு என் படம்தான் மூடி, என் படத்துக்கு அவளுடையது. கண்காட்சிக்கு வரைந்த படங்களையும் அப்படித்தான் கட்டினோம். அண்ணா அந்தப் பொதியை பஸ்ஸில் இருக்கைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். விதுரா சந்தையில் ஏறிய ஒருவர் தம் மரச்சீனிக் கிழங்குச் சாக்கை அதன்மேல் சாய்த்திருக்கிறார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பிரித்தபோது தக்கைகள் நான்கும் இடத்தில்தான் இருந்தன. கான்வாஸ் உள்வாங்கி, ஒரு கோடியில் இரண்டு படங்களும் தொட்டுக்கொண்டிருந்தன. அவளுடைய வெயில் என் பாறையில் ஒட்டியிருந்தது. என் பாசிப் பச்சை அவளுடைய பாறையில் அப்பியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தியை எடுத்துச் சுரண்டப் போனேன். மன்னி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாதேடி. அங்க வெயில் நன்னா இருக்கு, கேட்டியா."

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

கண்காட்சியில் இரண்டு படங்களையும் மாட்டினார்கள். முதல் பரிசு எனக்கு. பரிசு கொடுத்த பெரியவர் என் படத்தின் முன்னால் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு அந்தக் கீற்றைக் காட்டி, இதைப் போடத் துணிச்சல் வேண்டும் என்றார். மன்னி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவெல்லாம் என் நாத்தனாராக்கும் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். ஒரே ஒரு தடவை அவள் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

போன மாதம் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னிக்கு இப்போது முழங்கால் வலி, மலைக்கெல்லாம் போவதில்லை. அவளுடைய அந்தப் படம் படுக்கையறையில் தொங்குகிறது. அவள் காப்பி கலக்கப் போன சமயத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். முகத்துக்கு முகம் வைத்த படங்கள், என் இடது கோடி அவளுக்கு வலது கோடி. அங்கே என் பச்சையைத் தேடினேன். மூலைகளில் ஊசித் துளைகள் இருந்தன. பாறைமேல் சுத்தமான வெயில்தான் இருந்தது.

டம்ளரோடு வந்தவளிடம், இங்கே என் வண்ணம் ஒட்டியிருந்ததே மன்னி என்று கேட்டேன்.

"அதுவா? மறுநாள் காலம்பறயே சுரண்டி எடுத்துட்டு மேல வெயில போட்டுட்டேனே. அது அங்க நன்னா இல்லை" என்றாள். ஆற்றிக் குடி என்று டம்ளரை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் என் படத்தின் முன்னால் நின்றேன். கத்தி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் காய்ந்த வண்ணம், முனைந்தால் பெயர்ந்து வரும். விளக்கைப் போட்டு நான்கு துளைகளையும் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன். வெயில் நன்றாகத்தான் இருக்கிறது.